யாங்கோனிலிருந்து பாங்காக்: ஆற்றை வைத்துப் போட்ட பயணத் திட்டம்

புதன்கிழமை, யாங்கோன்

பாங்காக் செல்வதற்கான விமானச் சீட்டுகள் இன்று மாலை கைக்கு வந்துவிட்டன. அம்மா, மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், நான் என்று வீட்டோடு கிளம்புகிறோம். வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டுத் திங்கட்கிழமை இரவு திரும்புவதாக ஏற்பாடு. இங்கிருந்து பாங்காக்கிற்குப் போகும் நம் பர்மாத் தமிழர்களில் பலர் மருத்துவத்துக்காகவோ சரக்குக் கொள்முதலுக்காகவோ போய்விட்டு, அந்த வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். ஊரைப் பார்ப்பதற்கென்றே போகும் குடும்பங்கள் குறைவு. நாங்கள் எப்படித் திட்டமிட்டோம், அது எப்படி நடந்தது என்பதை அன்றன்றைக்கே எழுதி வைத்தால், பின்னால் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதுதான். பாங்காக்கிற்கு இரண்டு விமான நிலையங்கள் உண்டு. நகரின் வடக்கே இருக்கும் டான் முவாங் 1914-இல் திறக்கப்பட்ட பழைய நிலையம். மலிவுக் கட்டண விமானங்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகின்றன. கிழக்கே இருக்கும் சுவர்ணபூமி 2006-இல் திறக்கப்பட்டது. டான் முவாங் செல்லும் சீட்டு விலை குறைவாகத் தெரிந்தாலும், கையில் கொண்டுபோகும் ஏழு கிலோவுக்கு மேல் பெட்டி இருந்தால் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். நாலு பேருக்கும் பெட்டிக் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது வித்தியாசம் பெரிதாக இல்லை. சுவர்ணபூமியின் நிலவறையிலிருந்தே நகருக்குள் செல்லும் ரயில் கிளம்புகிறது என்பதால், முழங்கால் வலியுள்ள அம்மாவை உத்தேசித்து அதையே தேர்ந்தெடுத்தோம். எந்த நேரத்தில் இறங்குகிறோம் என்பதும் முக்கியம். மாலை விமானத்தில் போனால் அன்றைய பகல் யாங்கோனிலேயே கழிந்துவிடும். காலை விமானம் சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அரை நாள் மிச்சமாகும்.

பர்மாவின் சாதாரணக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விமானம் வழியாகத் தாய்லாந்து சென்றால், விசா இல்லாமல் 14 நாட்கள் தங்கலாம் என்ற உடன்பாடு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. தரை வழியாகப் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் சீட்டையும் தங்குமிடத்தின் பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. இவற்றோடு, 2025 மே மாதத்திலிருந்து, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருக்கிறது. தாய்லாந்து அரசின் தளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ள வேண்டும். நேற்றிரவு மின்சாரம் வந்த நேரத்தில் நால்வருடைய படிவத்தையும் மனைவி நிரப்பி முடித்தாள்.

பணத்தைப் பொறுத்தவரை, நம் கியாட்டை அங்கே கொண்டுபோய் மாற்ற முடியும் என்று யாரும் எண்ண வேண்டாம். மடிப்பும் கறையும் இல்லாத டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோவதே வழக்கம். பெரிய நோட்டுக்குக் கிடைக்கும் விலை சிறிய நோட்டுக்குக் கிடைப்பதில்லை. விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகருக்குள் மாற்றுவதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

இனி ஊரை எப்படிப் பிரிப்பது என்பது. புகழ்பெற்ற இடங்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போனால், பாங்காக்கின் போக்குவரத்து நெரிசலில் பாதிப் பொழுது காருக்குள்ளேயே போய்விடும். அந்த நகரத்தைக் கட்டியவர்கள் சாவ் பிரயா ஆற்றை முன்வாசலாக வைத்துத்தான் கட்டினார்கள். அரண்மனை, பெரிய விகாரைகள், பூச்சந்தை எல்லாமே ஆற்றங்கரையிலோ அங்கிருந்து கொஞ்ச தூரத்திலோ இருக்கின்றன. ஆகையால் படகுத்துறையும் மேம்பால ரயிலும் சந்திக்கும் சபான் தாக்சின் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறோம். சனிக்கிழமை அரண்மனைப் பக்கம்; ஞாயிற்றுக்கிழமை பூச்சந்தையும் பழைய ஊரும் மாரியம்மன் கோயிலும்; திங்கட்கிழமை கடைத்தெரு. வார இறுதியில் மட்டும் முழு அளவில் கூடும் சத்துச்சாக் சந்தைக்கு மகள் ஆசைப்பட்டாள். ஆயிரக்கணக்கான கடைகளுக்கு நடுவே வெயிலில் அம்மாவை நடத்திக் கூட்டிப்போவது நியாயமாகப் படவில்லை, அதை விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை, பாங்காக்

மிங்களாடோன் விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. பகல் விமானத்தில் போகிறவர்கள் ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பிய சிறிது நேரத்தில் மொத்தமா (மார்ட்டபான்) வளைகுடாவின் சேற்று நிறத் தண்ணீர் தெரிந்தது. பிறகு மோன் மாநிலக் கரை, அதன் பின் அடர்ந்த மலைத்தொடர். வரைபடத்தில் யாங்கோனையும் பாங்காக்கையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால், அது தன்பியூசயாட்டையும் மூன்று பகோடாக் கணவாயையும் ஒட்டியே போகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் வழியும் அதுவே. 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பர்மாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் பிடிக்கப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. போர்க் கைதிகளின் கல்லறைகள் தன்பியூசயாட்டில் வரிசையாகப் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. அம்மா மோல்மேனில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், சிறு வயதில் கேட்டதையெல்லாம் அந்த மலைகளின் மேல் பறக்கும்போது பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சுவர்ணபூமியில் குடியேற்ற அதிகாரி திரும்பும் சீட்டை மட்டும் கேட்டார். விமான நிலைய ரயிலில் பாயா தாய் வரை ஏறக்குறைய அரை மணி நேரம். கட்டணம் 45 பாட். அங்கிருந்து மேம்பால ரயிலில் சயாம் நிலையம் வந்து, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கத்தில் வேறு வண்டி பிடித்தால் சபான் தாக்சினில் இறங்கலாம். சில நிலையங்களில் மின்தூக்கி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். முதியவர்களோடு போகிறவர்கள் படிக்கட்டைப் பார்த்ததும் ஏறிவிடாமல், சக்கர நாற்காலிக் குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று முதலில் தேட வேண்டும்.

சனிக்கிழமை

அரண்மனை காலை எட்டரை மணிக்குத் திறக்கிறது. மூன்றரை மணியோடு சீட்டுக் கொடுப்பது முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவதால், ஏழரைக்கே படகுத்துறைக்குப் போய்விட்டோம். ஆற்றுப் படகுகளின் வகையைக் கொடியின் நிறம் காட்டுகிறது. ஆரஞ்சுக் கொடிப் படகு உள்ளூர் மக்கள் வேலைக்குப் போகும் படகு. எந்தத் துறையில் இறங்கினாலும் ஒரே கட்டணம். தா சாங் துறையில் இறங்கிச் சிறிது நடந்தால் அரண்மனை மதில். வாசலுக்கு முன்பே ஒருவர் மரியாதையாக வணங்கி, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு விகாரைக்கு மலிவாகக் கூட்டிப்போகிறேன் என்று சொல்வார். இது பல காலமாக நடக்கும் ஏமாற்று. அவர் வண்டியில் ஏறினால் ரத்தினக் கற்கள் விற்கும் கடையில்தான் போய் நிற்கும். பதில் சொல்லாமல் நேரே வாசலுக்குப் போய்விட வேண்டும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருந்தால் உடைச் சோதனையில் தாமதமில்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட்.

இந்த அரண்மனையைப் பர்மாவிலிருந்து வரும் ஒருவர் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது. 1767-இல் பர்மியப் படை அயுத்தியாவை அழித்ததனால்தான் சயாமியர் புதிய தலைநகரம் தேட வேண்டி வந்தது. தாக்சின் மன்னர் ஆற்றின் மேற்குக் கரையில் தொன்புரியை அமைத்தார். அவருக்குப் பின் முதலாம் ராமா 1782-இல் கிழக்குக் கரைக்கு மாறி, இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். அயுத்தியாவிலிருந்து சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட கலைஞர்கள் வழியாகத்தான் ராமாயணக் கூத்து பர்மிய அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. யாங்கோனில் நாம் பார்க்கும் யாம சாத்தோ என்னும் ராமாயணக் கூத்தின் தாய் வீடு சயாம்.

அந்த ராமாயணத்தை இங்கே சுவரில் பார்க்கலாம். மரகத புத்தர் கோயிலைச் சுற்றி ஓடும் திண்ணைச் சுவர் முழுவதும் 178 பகுதிகளாகத் தாய்லாந்து ராமாயணம் வரையப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் புத்தர் 66 சென்டிமீட்டர் உயரம்தான். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு மூன்று முறை மன்னர் கையால் அவருக்கு ஆடை மாற்றப்படுகிறது. கூட்டமெல்லாம் அந்தச் சன்னிதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போக, திண்ணை ஏறக்குறைய காலியாகவே இருந்தது. நிழலும் உட்கார இடமும் உள்ள பகுதியும் அதுதான். ஒரு சுவரில் அனுமன் மலையளவு வளர்ந்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவன் வாய்க்குள்ளே, பல் வரிசைக்குப் பின்னால், ராமன் துயிலும் மண்டபம். சுற்றிலும் வானரங்கள் தீப்பந்தத்தோடு காவல் நிற்கின்றன. மகளுக்குப் புரியவில்லை. அம்மா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது மயில்ராவணன் கதைடா தம்பி" என்றார். கம்பனில் இல்லாத அந்தக் கதை நம் கூத்துகளில் உண்டு. நம் கூத்தில் அனுமன் வாலைக் கோட்டையாகச் சுற்றி ராமனைக் காப்பான். இங்கே வாய்க்குள் வைத்துக் காக்கிறான். பாட்டியும் பேத்தியும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தத் திண்ணையை விட்டு நகரவில்லை. அரண்மனைக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்வார்கள். இந்தச் சுவர்களுக்காக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வதே சரி.

பிற்பகலில் வாட் போ. பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம். நம் ஊர்ச் சவுக்டட்ஜி புத்தர் அதைவிட நீளம் என்பதால் அளவைக் கண்டு வியப்பு ஏற்படவில்லை. பாதங்களில் முத்துச்சிப்பி பதித்துச் செய்த 108 மங்கலச் சின்னங்களின் நுணுக்கம்தான் எங்களை நிறுத்தி வைத்தது. பிறகு தா தியன் துறையிலிருந்து அக்கரை சென்று வாட் அருண் பார்த்தோம். படிகள் மிகச் செங்குத்து. அம்மா கீழே மர நிழலில் இருந்துகொண்டார். தூரத்தில் வெள்ளைக் கோபுரமாகத் தெரிவது அருகில் போனால் சீனப் பீங்கான் துண்டுகளால் பூப்பூவாகப் பதித்த சுவர். மாலை வெயில் சாய்ந்த பிறகு போனால் கால் சுடாது.

ஞாயிற்றுக்கிழமை

பாக் குளோங் தலாட் பூச்சந்தை இரவு பகல் என்றில்லாமல் நடக்கிறது. விடிவதற்கு முன்னும் விடிந்த சற்று நேரம் வரையும்தான் பூ புதிதாக இருக்கும். ஆறு மணிக்குப் போனபோது செவ்வந்தி மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மல்லிகை மொட்டுகள் பனிக்கட்டித் தூளின் மேல் கொட்டிக் கிடந்தன. பெண்கள் நீண்ட ஊசியில் மொட்டுகளை வட்டம் வட்டமாகக் கோத்து, கயிறு போலத் திரண்ட சரமாக்குகிறார்கள். நாம் நாரில் கட்டும் முறை அங்கே கிடையாது. சரத்துக்கு இடையிடையே மெழுகில் செய்ததைப் போன்ற வெள்ளை மொட்டுகள் இருந்தன. அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, எருக்கம்பூ என்று கண்டுபிடித்தார். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அந்தப் பூவை இங்கே புத்தருக்கும் விருந்தினருக்கும் போடும் மாலையில் சேர்க்கிறார்கள். மாரியம்மன் கோயிலுக்கென்று இரண்டு மாலைகளை வாங்கி வாழையிலையில் சுற்றி வைத்துக்கொண்டோம்.

அங்கிருந்து பெரிய ஊஞ்சலுக்குப் போனோம். நிலத்தடி ரயிலில் வந்தால் சாம் யோட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். செந்நிறம் பூசிய தேக்குத் தூண்கள் 21 மீட்டர் உயரத்துக்குச் சாலை நடுவில் நிற்கின்றன. இப்போதிருப்பது 2007-இல் புதிதாக நிறுத்தியது. 1784-இல் முதலாம் ராமா நிறுவிய ஊஞ்சலில், சிவபெருமான் பூமிக்கு வருவதைக் கொண்டாடும் விழாவின்போது இளைஞர்கள் உயர ஆடிப் பொற்காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். 1935-இல் ஊஞ்சலாட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்டம் நின்றாலும் சடங்கு நிற்கவில்லை. ஊஞ்சலுக்கு அருகிலேயே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம் இருக்கிறது. சிவன், பிள்ளையார், திருமால் ஆகிய மூவருக்கும் தனித்தனி மண்டபங்கள். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் தேவாரப் பதிகங்களும் கிரந்த எழுத்தில் எழுதிய ஏடுகளின் வழியே பல தலைமுறைகளாக இங்கே ஓதப்பட்டு வருகின்றன. ஓதுகிறவர்களின் தாய்மொழி தமிழ் அல்ல. உச்சரிப்பு வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் மார்கழியும் தையும் கூடும் காலத்தில் நடக்கும் அரசச் சடங்கில் அந்தப் பாடல்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

யாங்கோன் காளியம்மன் கோயிலில் மார்கழி அதிகாலையில் திருவெம்பாவை பாடிப் பழகியவர் அம்மா. இந்தச் செய்தியைப் பயணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன்; தேவஸ்தானத்தின் வெள்ளை மதிலைப் பார்த்தபின்தான் அவர் முழுமையாக நம்பினார். பிள்ளையார் மண்டபத்துக்கு வெளியே நின்று இருபது பாடல்களையும் மெல்லிய குரலில் பாடி முடித்தார். மகள் பாதிப் பாடல்களில் சேர்ந்துகொண்டாள். சுற்றுலாக் கையேடுகளில் ஊஞ்சலுக்கு ஒரு படமும் இரண்டு வரியும்தான் கிடைக்கும். தேவஸ்தானம் பலவற்றில் இருக்கவே இருக்காது. தமிழர் எவரும் இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

வெயில் நேரத்தில் அறைக்குத் திரும்பி, மாலையில் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1879-இல் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் எழுப்பிய கோயில். சூரசக் நிலையத்தில் இறங்கி நடந்தால், பான் சாலை முனையில் வண்ணக் கோபுரம் தெரியும். எதிரே தேங்காய், பழம், மாலை, ஊதுபத்தி வைத்த தட்டுகளை விற்கும் கடைகள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நடுவில் மாரியம்மன், இரு பக்கமும் பிள்ளையாரும் முருகனும். புத்தர் சிலைக்கும் இடம் உண்டு. கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது பேர் தாய்லாந்து மக்கள்; முழந்தாளிட்டு, கைகூப்பி, தட்டை நெற்றிக்கு மேல் உயர்த்தி வேண்டிக்கொள்கிறார்கள். நம் காளியம்மன் கோயிலுக்குப் பர்மியர்கள் வருவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அர்ச்சகர் தமிழில் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது அம்மா முதலில் பேத்தியின் பெயரைச் சொன்னார். காலையில் வாங்கிய எருக்கம்பூ மாலை பிள்ளையாருக்குச் சாத்தப்பட்டது.

சைவச் சாப்பாடு பற்றிப் பலர் கேட்பீர்கள். தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு கலக்காத பண்டம் அரிது; காய்கறி மட்டும் என்று சொன்னாலும் அதைச் சேர்த்துவிடுவார்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்ட கடைகளில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இட்லி, தோசை கிடைக்கிறது; நம் ஊரைவிட விலை அதிகம்.

திங்கட்கிழமை, இரவு

காலையில் சிட் லோம் நிலையத்துக்குப் பக்கத்தில் எரவான் பிரம்மாவைத் தரிசித்தோம். 1956-இல் ஓட்டல் கட்டுமானத்தின்போது அமைத்த சன்னிதி. நான்கு முகத்துக்கும் பூ வைத்துச் சுற்றி வந்தோம். பிறகு பாஹுராட் துணிச் சந்தையில் மனைவிக்குச் சேலைத் துணியும் அக்கம்பக்கத்தாருக்குச் சில பொருட்களும் வாங்கினோம். இங்கே எழுத அதிகமில்லை. விலை சொல்வதில் பாதியிலிருந்து பேசத் தொடங்கலாம், சிரித்துப் பேசினால் குறைக்கிறார்கள்.

மாலை நேரத்தில் சாலை வழியே விமான நிலையம் போவது ஆபத்து, ரயிலே உத்தமம். மிச்சப் பாட் நோட்டுகளை நகரிலேயே டாலராக மாற்றிக்கொண்டோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம் என்றாலும், ஜனவரி, பிப்ரவரியில் பாங்காக்கின் காற்றில் புகை மூட்டம் கூடும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அதற்கு முன்பே போய்வரலாம். ஏப்ரலில் நம் திஞ்சான் புத்தாண்டும் அவர்களுடைய சொங்கிரான் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வருவதால் விமானக் கட்டணம் ஏறிவிடுகிறது.

எங்கள் வீட்டில் மட்டும் கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. தேவஸ்தானத்தில் திருவெம்பாவை ஓதும் சடங்கு நடக்கும் ஜனவரியில் ஒருமுறை வர வேண்டும் என்று விமானத்திலேயே அம்மா சொல்லிவிட்டார். சந்திர நாட்காட்டிப்படி நாட்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. பொதுமக்களை உள்ளே அனுமதிக்கும் நாள் எது என்பதையும் விசாரிக்க வேண்டும். இம்முறை விமானச் சீட்டை முதலில் பார்த்தோம். அடுத்த முறை அந்த நாளை உறுதி செய்துகொண்ட பிறகுதான் சீட்டு எடுப்போம். அறையையும் ஆற்றங்கரையில் அல்லாமல் சாம் யோட் பக்கம் தேடுவோம்.